டீ முடிஞ்சாத்தான் மேல வரும்

காலையில் கிளம்பலாம் என்று நோயல் சொன்னால், எந்த நாள் காலை என்று கேட்டுக்கொள்வது நல்லது. ஆற்றங்கரையில் எல்லோருக்கும் இது தெரியும். அவன் தங்கை வெர்னாவுக்கும் தெரியும். தெரிந்தும் அவள் அந்த ஞாயிற்றுக்கிழமை இருட்டோடு எழுந்து, உப்பு மாட்டிறைச்சி வைத்து சாண்ட்விச் கட்டி, படகுத்துறையில் வந்து உட்கார்ந்துகொண்டாள். வேறு வழியில்லை. அவர்கள் போக வேண்டிய அக்கரைக் குன்றின் பின்பக்கப் பாதைக்குத் தண்ணீர்க் கம்பெனி பூட்டுப் போட்டுவிட்டது. ஆற்றுப் பக்கமாக ஏறலாம், ஆனால் அதற்குப் படகு வேண்டும். படகு, சிப்பிப் பண்ணையில் வேலை செய்யும் நோயலிடம் இருந்தது.

சித்தப்பா மகள் கோரலும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். சூரியன் வந்தது. மீன்பிடிக்க வந்தவர்கள் மீன் பிடித்துக்கொண்டு திரும்பியும் விட்டார்கள். அங்கே கோடையான பிப்ரவரியின் வெயில் பலகையைச் சுட வைத்தது.

"அண்ணனுக்குப் போன் போட்டியாக்கா?" என்றாள் கோரல்.

"போட்டேன். வந்துட்டே இருக்கேங்கிறான்."

"அப்ப இன்னும் எந்திரிக்கல."

வெர்னா பல்லைக் கடித்துக்கொண்டாள். மற்ற நாளாக இருந்தால் அவளும் சிரித்திருப்பாள். மறுநாள் திங்கட்கிழமை. திங்கட்கிழமை அந்தக் குன்றின் முதுகில் இயந்திரம் ஏறப் போகிறது. பாறையைச் சமன் செய்து, சிமெண்ட் கொட்டி, மேலே பெரிய தண்ணீர்த் தொட்டி வைக்கப் போகிறார்கள். அங்கேதான் எங்கோ ஒரு திமிங்கிலம் இருக்கிறது என்று அவள் அப்பா ஆல்பி சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். முன்னோர்கள் பாறையில் கொத்திவைத்த திமிங்கிலம். வயிற்றுக்குள் குட்டியோடு.

சொன்னாரே தவிர, பிள்ளைகளுக்குக் காட்டியதில்லை. காட்ட விரும்பாமல் இல்லை, காட்ட முடிந்ததில்லை. சின்ன வயதில் தன் மாமனோடு அங்கே தங்கியிருந்தபோது பார்த்தாராம். பிறகு நோயலையும் வெர்னாவையும் கோரலையும் எத்தனையோ தடவை அழைத்துப் போனார். ஒவ்வொரு தடவையும் குன்றில் சுற்றுவார்கள், பாறையில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள், அப்போதெல்லாம் ஓடிய பயணிப் படகில் கடைசியது போய்விடும் என்று அம்மா கத்துவாள், இறங்கிவிடுவார்கள். இறங்கும்போது அப்பா திரும்பிப் பார்த்து ஒரே வாக்கியத்தைச் சொல்வார்: "அது டீ முடிஞ்சாத்தான் மேல வரும்."

டீ போட்டுக் குடித்துத்தான் பார்த்தார்கள். தீயில் வைக்கும் பில்லித் தகரத்தில் கொதிக்க வைத்து, பில்லி பில்லியாகக் குடித்தார்கள். ஒரு மீன்கூட மேலே வரவில்லை. போகப் போக அந்த வாக்கியம் குடும்பத்தில் கேலிப் பேச்சாகிவிட்டது. சாவி தொலைந்தால், கொடுத்த கடன் திரும்பாவிட்டால், கோரலின் முதல் புருஷன் வேலை தேடப் போனால், "டீ முடிஞ்சாத்தான் மேல வரும்" என்பார்கள். அப்பாவும் கூடச் சேர்ந்து சிரிப்பார். அந்தச் சிரிப்பு வெர்னாவுக்கு அப்போதே பிடிக்காது.

போன மாதம் ஊர்க் கூட்டத்தில் அவள் எழுந்து நின்று, அந்தக் குன்றில் எங்கள் திமிங்கிலம் இருக்கிறது என்றாள். கம்பெனி எஞ்சினியர் மரியாதையான மனுஷன்தான். குரலை உயர்த்தாமல், "நீங்க பார்த்திருக்கீங்களா?" என்று மட்டும் கேட்டார். அப்பா பார்த்திருக்கிறார் என்றாள். எஞ்சினியர் தலையாட்டிவிட்டு, தாங்கள் அனுப்பிய ஆள் ஒரு நாள் முழுக்கத் தேடியும் ஒன்றும் அகப்படவில்லை என்றார். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். சிரித்தது சொந்தக்காரக் குரல் என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. அன்று முதல் பள்ளிக்கூட பஸ்ஸை ஓட்டும்போதுகூட அந்தக் கேள்வி காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

பூர்வகுடிகளின் நிலச் சங்கத்தில் முன்னோர் இடங்களைக் கவனிக்கும் கேவின், சாவு வீட்டுக்கு வடக்கே போயிருந்தான். அவளுக்கு மருமகன் முறை. போனில் சொன்னான்: "அத்தை, எனக்கு ஒரே ஒரு நல்ல போட்டோ அனுப்புங்க. வேலையை நிறுத்த வேண்டியது என் பொறுப்பு. ஆனா வெடிகாலையிலயே போயிடுங்க." வெயிலுக்காகச் சொல்கிறான் என்று நினைத்துக்கொண்டாள்.

விடிகாலை போய், பள்ளிக்கூட இடைவேளை நேரம் ஆனபோது நோயலின் தட்டைப் படகு வளைவில் தெரிந்தது. ஒரு கையில் சுக்கான், மறு கையில் சாசேஜ் ரோல்.

"என்ன, ரெண்டு பேரும் சீக்கிரமா வந்துட்டீங்களா?" என்றான்.

"அடேய், நான் ராத்திரியிலேர்ந்து நிக்கிறேன்டா."

"நம்ம கூரி ஜனத்துக்குன்னு ஒரு நேரம் இருக்கே, வெர்னா. நம்ம முன்னோர்ல யார் கையில கடிகாரம் கட்டியிருந்தாங்க?"

"அவங்க யாரும் உன்னை நம்பிப் படகுக்குக் காத்திருக்கல."

அக்கரையில் சதுப்பு மரங்களுக்கு நடுவே படகைக் கட்டினார்கள். ஏறுவதற்கு முன் வெர்னா நின்று, மேட்டைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள். "நாங்கதான் வந்திருக்கோம். ஆல்பியோட பிள்ளைங்க. யாரையும் தொந்தரவு பண்ண மாட்டோம்." அங்கே இருக்கும் முன்னோர்களிடம் சொல்லாமல் யாரும் நுழைவதில்லை. நோயல் தொப்பியைக் கழற்றி, "நான் லேட்டு. உங்களுக்கே தெரியும்," என்று சேர்த்துக்கொண்டான்.

ஏற்றம் செங்குத்து. சில்வண்டுகள் காது கிழியக் கத்தின. மாட்டு ஈ மூன்று பேரையும் பாரபட்சமில்லாமல் கடித்தது. பாதி வழியில் நோயலின் பூட்ஸ் அடி பிய்ந்து வாயைப் பிளந்தது. அதை மீன்பிடி நரம்பால் கட்ட அவன் எடுத்துக்கொண்ட நேரத்தில் ஒரு வலையையே பின்னியிருக்கலாம். வெர்னா முன்னால் நடந்தாள். கூட நின்றால் கைநீட்டிவிடுவோம் என்று அவளுக்குப் பயம்.

குகை போலக் குடைந்த பாறையடிக்கு வந்ததும்தான் நின்றாள். உள்சுவர் முழுக்கக் கைகள். பாறையில் கையை வைத்து, வாயில் காவியையும் வெள்ளைக் களிமண்ணையும் குதப்பி ஊதிப் பதித்த கைகள். பெரிய கை, விரல் மடங்கிய கை, கைக்குழந்தையின் கை. சின்ன வயதில் இங்கேதான் யார் கை யாருக்குச் சரியாக இருக்கும் என்று தொடாமல் தூரத்திலிருந்தே அளந்து பார்ப்பார்கள். இப்போதும் கோரலின் கை தானாக உயர்ந்தது. ஓர் அகலமான வெள்ளைக் கைக்கு நேராகப் பிடித்தாள், சரியாக இருந்தது.

"இவங்க என்ன அழகா, வந்ததும் தெரியுறாங்க," என்றாள் வெர்னா. அவளுக்கு அந்தக் கைகள்மேல் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

"இவங்கல்லாம் நேரத்துக்கு வந்தவங்க," என்றான் நோயல்.

குன்றின் முதுகை அடைந்தபோது சூரியன் உச்சந்தலையில் நின்றது. மேலே மரம் குறைவு. மணற்பாறைதான், தளம் போட்டது மாதிரி பரந்து கிடந்தது. அங்கங்கே கம்பெனிக்காரர்கள் நட்ட குச்சிகளில் இளஞ்சிவப்பு நாடா காற்றில் படபடத்தது. வெர்னா ஒவ்வொரு பாறையாகக் குனிந்து பார்த்தாள். முழங்கால் போட்டுத் தடவினாள். கண்ணாடியைப் போட்டும் கழற்றியும் பார்த்தாள். வெடிப்பு இருந்தது, பாசி இருந்தது, எறும்பு இருந்தது. வெள்ளை வெயிலில் எல்லாப் பாறையும் ஒன்று போலவே வெறுமையாக இருந்தது.

வெயில் கொஞ்சம் சரிந்த பிறகு கோரல் பையைப் பாறை நடுவில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். அது அவர்கள் எப்போதும் உட்காரும் பாறை. நடுவில் ஒரு பள்ளம், அதில் மழைத்தண்ணீர் கொஞ்சம், பக்கத்தில் காலை நீட்டிக்கொள்ள வசதியான சரிவு. சாண்ட்விச்சைத் தின்றார்கள். ஃபிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் குடித்தார்கள். நோயல் கொஞ்சம் தள்ளிப் போய், தொப்பியைப் பக்கத்தில் வைத்து, மல்லாந்து, கண்ணை மூடினான்.

"டீயும் முடிஞ்சுது," என்றாள் கோரல். "மேல வருதான்னு பாரு."

வெர்னா அவளை முறைத்தாள்.

"கோவிச்சுக்காதேக்கா. நானும் உன்கூடத்தானே கொளுத்துற வெயில்ல ஏறி வந்திருக்கேன். ஆனா ஒண்ணு சொல்லட்டா? பெரியப்பா நல்லவர். அவர் மாதிரி கதை சொல்ல ஆள் கிடையாது. ஒருவேளை இதுவும்..."

"பொய்யின்னு சொல்லு. வாயில வருதுல்ல, சொல்லிடு."

கோரல் ஃபிளாஸ்க் மூடியைத் திருகி மூடினாள். அதுவே சொன்ன மாதிரி இருந்தது. வெர்னாவுக்கு அப்பாவைத் தெரியும். அவர் பொய்யர் இல்லை. ஆனால் நாளை இந்தப் பாறைமேல் சிமெண்ட் விழுந்துவிட்டால், அவர் பொய்யர் இல்லை என்பதற்கு இந்த உலகத்தில் வேறு சாட்சி கிடையாது. காலம் முழுக்க அவர் பெயரோடு ஒரு சிரிப்பும் சேர்ந்தே வரும்.

அப்போது கோரலின் போன் அடித்தது. குன்றின் முதுகில் மட்டும்தான் அந்தப் பக்கத்தில் சிக்னல் கிடைக்கும். கூப்பிட்டது அவள் புருஷன் மெர்வ். மெர்வின் குரல் போனுக்கு வெளியேயும் கேட்கும்.

"டீக்கு என்ன இருக்கு?" என்றான்.

"ஃபிரிட்ஜ்ல சாசேஜ் இருக்கு. உருளைக்கிழங்கை அவிச்சு மசிச்சுக்க. பட்டாணி டப்பா மேல் தட்டுல. இப்பவே தின்னு தீர்த்துடாதே, பிள்ளைங்க ஆறு மணிக்கு வரும். டீக்கு நான் வந்துடுவேன்."

போனை வைத்துவிட்டு நிமிர்ந்தால், வெர்னா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்ப அவன்கிட்ட என்ன சொன்னே?"

"சாசேஜ் இருக்குன்னேன். அதுக்கு ஏன் இப்படி முழிக்கிறே?"

"அது இல்ல. டீக்கு வந்துடுவேன்னு சொன்னேல்ல?"

"ஆமா, டீக்குத்தான். ராத்திரிக்குச் சாப்பிட வேண்டாமா?"

வெர்னா கையிலிருந்த குவளையைப் பார்த்தாள். அந்த ஆற்றங்கரையில் இராச்சாப்பாட்டுக்குப் பெயரே டீதான். ஆட்டுக்கறி ஆனாலும் மீன் ஆனாலும் அது டீ. பிறந்ததிலிருந்து அவர்கள் வாயில் புழங்கும் சொல். ஆனால் இங்கே, இந்தப் பாறையில், கரிபிடித்த பில்லியில் கொதித்ததைக் குடித்துக்கொண்டே கேட்டதால், மூன்று பேரும் அப்பா அதைத்தான் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டுவிட்டார்கள். நடுவெயிலில் குவளை டீயைக் குடித்துவிட்டுத் திமிங்கிலத்தைத் தேடினார்கள். அப்பா சொன்னது சாயங்காலச் சாப்பாட்டை. அவர் தன் மாமனோடு இங்கே தங்கி, மீன் சுட்டுத் தின்று, அதற்கப்புறம் பார்த்ததை.

"கோரல். நாம ஒரு தடவையாவது சாயங்காலம் இங்க இருந்திருக்கோமா?"

"எப்படி இருக்கிறது? அப்பல்லாம் கடைசிப் படகு நாலு மணிக்கு. பெரியம்மா விடுவாங்களா?"

"அப்ப அவர் சொன்ன டீயை நாம இன்னும் சாப்பிடவே இல்ல."

கோரலுக்குப் புரிய கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் நியாயம் பேசினாள். இருட்டில் அந்தச் செங்குத்தில் எப்படி இறங்குவது, ஒரு டார்ச்தான் இருக்கிறது, நோயலின் பூட்ஸோ நரம்பில் தொங்குகிறது, பாம்பு வெளியே வரும் நேரம். எல்லாம் சரிதான். வெர்னா பூட்ஸைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டிக்கொண்டாள்.

"நீ வேணும்னா இறங்கு. நான் இருக்கேன். அவர் பேச்சை ஒரு தடவையாவது முழுசாக் கேட்டுட்டுப் போறேன்."

கோரல் பெருமூச்சு விட்டாள். மெர்வுக்குப் போன் போட்டு, சாசேஜை எல்லோரும் தின்றுவிடலாம் என்றாள். "பட்டாணியையும் நீங்களே தின்னுக்கங்க," என்று சொல்லும்போது அவள் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. நோயலுக்கு எதுவும் தெரியாது. குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

காத்திருந்தார்கள். வெயில் இறங்கியது. சில்வண்டுச் சத்தம் அடங்கி, கருப்புக் காக்கட்டூக் கிளிகள் ஊளையிட்டபடி பள்ளத்தாக்கைக் கடந்தன. வெள்ளையாக இருந்த பாறை மஞ்சளானது, பிறகு தேன் நிறமானது. மீதியிருந்த ஒரே ஜானி கேக் ரொட்டியைக் கோரல் இரண்டாகப் பிய்த்து, ஒரு பாதியைக் கொடுத்தாள்.

"இந்தா, டீ."

வெர்னா கடைசி வாயை விழுங்கிவிட்டுக் கையை உதறினாள். குனிந்தபோது கால் கட்டைவிரலுக்குப் பக்கத்தில் ஒரு நிழல் கிடந்தது. கயிறு மாதிரி மெல்லிய நிழல். அவளுடைய நிழல் இல்லை. வெடிப்பு என்று நினைத்தாள். வெடிப்பு நேராக ஓடும், இது வளைந்தது. புள்ளி புள்ளியாகக் கொத்தி, பிறகு தேய்த்து இணைத்த பள்ளம். பக்கவாட்டில் விழுந்த வெயிலில் அதன் ஒரு கரை மின்னியது, மறு கரை கறுத்தது. கண்ணாலேயே பின்தொடர்ந்தாள். அது கோரலின் பைக்கு அடியில் போனது.

"பையை எடு," என்றாள். "கோரல், பையை எடு."

பையை எடுத்தாள். கோடு தொடர்ந்தது. உட்கார வசதியான அந்தச் சரிவைச் சுற்றி மேலேறி, மழைத்தண்ணீர்ப் பள்ளத்தைத் தொட்டு, அகன்று, துடுப்பாக விரிந்து, திரும்பியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொரு கோடு எழுந்தது. அதற்கப்பால் வால். இரண்டு பக்கமும் விரிந்த பெரிய வால், கம்பெனிக்காரனின் இளஞ்சிவப்பு நாடாவுக்குக் கீழேயே. எங்கும் இல்லாதது எல்லாப் பக்கமும் இருந்தது. அவளும் கோரலும் அதன் நடு வயிற்றில் உட்கார்ந்திருந்தார்கள். கோரலின் காலடியில், பெரியதன் உள்ளே, அதே வளைவில் ஒரு சின்னது.

"குட்டி," என்றாள் கோரல். "அக்கா, குட்டி."

அடுத்த நொடி அவள் துள்ளி எழுந்து பூட்ஸைக் கழற்றினாள். அதன்மேல் காலணியோடு நிற்கக் கூடாது என்று யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வெர்னா ஏற்கெனவே வெறுங்காலோடு ஓரத்துக்கு ஓடியிருந்தாள். அங்கிருந்து முழுவதையும் பார்த்தாள். அவள் ஓட்டும் பஸ்ஸைவிட நீளம்.

"நோயல். எந்திரிடா. திமிங்கிலத்தோட வாயில படுத்திருக்கே."

நோயல் ஒரு கண்ணைத் திறந்தான். "டீ ஆயிடுச்சா?"

"ஆயிடுச்சு. வந்து பாரு."

அவன் எழுந்து, தூக்கக் கலக்கத்தில் தொப்பியை எடுத்தான். தொப்பி இருந்த இடத்தில் கண் இருந்தது. உருண்டையாக, ஆழமாக, நிழல் நிரம்பிய கண். அவன் தொப்பியை நெஞ்சில் வைத்துக்கொண்டு நின்றான். மெல்ல நரம்புக் கட்டை அவிழ்த்து, பிய்ந்த பூட்ஸைக் கழற்றி, விளிம்பைத் தாண்டி வந்து தங்கையின் தோளில் கை போட்டான்.

வெர்னா சிரித்தாள். சிரிப்பு நிற்கவில்லை, அதோடு அழுகையும் வந்தது. இரண்டையும் அவள் அடக்கவில்லை. கைகளை வாயருகே குவித்து, பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்கும்படி கத்தினாள். "அப்பா, டீ முடிஞ்சுது. மேல வந்துடுச்சு." எதிர்க் குன்று அதைத் திருப்பிச் சொன்னது. அவளுக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

"பின்வரிசையில சிரிச்சது நான்தான்க்கா," என்றாள் கோரல்.

"தெரியும்டி. உன் சிரிப்பு எனக்குத் தெரியாதா? போட்டோவை எடு, வெளிச்சம் போகுது."

எடுத்தார்கள். வாலிலிருந்து, கண்ணிலிருந்து, நோயலின் தோளில் கோரல் ஏறி மேலிருந்து. கேவினுக்கு அனுப்பிய சற்று நேரத்தில் போன் அடித்தது.

"அத்தை," என்றான் கேவின். "நாளைக்கு அங்க ஒரு மெஷினும் ஏறாது. நான் இப்பவே ஆளைப் பிடிக்கிறேன். உங்களை வெடிகாலையில போகச் சொன்னது இந்தச் சாய்வு வெயிலுக்குத்தானே. எப்படி விடாம உக்காந்திருந்தீங்க?"

"நோயல் லேட்டா வந்தான். அதனால நாங்களும் லேட்டா இருந்தோம்."

"கேட்டுக்க," என்றான் நோயல் போனுக்குள். "நேரத்துக்கு வந்திருந்தா மத்தியானமே வீட்டுக்குப் போயிருப்போம். என்னால எவ்வளவு நல்லது நடந்திருக்குன்னு இந்தக் குடும்பத்துல யாரும் சொல்ல மாட்டாங்க."

இறங்கும்போது ஒரு டார்ச்சும், நோயல் காலில் ஒன்றரை பூட்ஸும்தான் இருந்தன. ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, விழுந்து எழுந்து, உரக்கப் பாடிக்கொண்டே இறங்கினார்கள். பாம்பு எதுவும் வெளியே வரவில்லை. அந்தப் பாட்டைக் கேட்டு வந்திருக்காது.

திங்கட்கிழமை இயந்திரம் வந்தது, பின்பக்கப் பாதையின் வாசலிலேயே நின்றது. வேலையை நிறுத்தச் சொல்லும் உத்தரவு அதற்கு முன்பே வந்துவிட்டது. பூட்டைக் கம்பெனியே திறந்துவிட்டது. பஸ்ஸுக்கு ஒரு நாள் லீவு போட்டுவிட்டு வெர்னா பாறையின் ஓரத்தில் நாற்காலி விரித்து உட்கார்ந்திருந்தாள். உச்சி வெயிலில் எஞ்சினியர் வியர்த்து வழிய ஏறி வந்தார். நல்ல மனுஷன், போட்டோவோடு நிறுத்திக்கொள்ளாமல் நேரில் வந்திருந்தார். பாறையைப் பார்த்தார், குனிந்து பார்த்தார், சுற்றி வந்து பார்த்தார். வெறும் பாறை. வெடிப்பு, பாசி, எறும்பு.

அவர் கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். "இங்கேயா? நீங்க பார்த்தீங்களா?"

போன மாதம் அந்தக் கேள்விக்கு அவளிடம் அப்பாவின் பதில்தான் இருந்தது.

"நான் பார்த்தேன்," என்றாள் வெர்னா. "குட்டியோட பார்த்தேன். நீங்களும் பார்க்கலாம். ஆனா அவசரப்படக் கூடாது, அது டீ முடிஞ்சாத்தான் மேல வரும்."

எஞ்சினியர் கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு அவள் முகத்தைப் பார்த்தார். இறங்கிப் போனவர், சாயங்காலம் நாலு பேருக்குப் பொரித்த மீனும் உருளைக்கிழங்கும் கட்டிக்கொண்டு வந்து, யாரும் சொல்லாமலே பூட்ஸைக் கழற்றிவிட்டு அவளுக்கும் கோரலுக்கும் பக்கத்தில் உட்கார்ந்தார். நோயல் மட்டும் இன்னும் வந்து சேரவில்லை.